எரியாத மோட்டார்

"இந்த வருசம் லீவுக்கு..." என்று போனில் நாத்தனார் ஜக்கம்மாள் ஆரம்பித்ததுதான் தாமதம்.

"ஐயோ மதினி, இந்த வருசம் மட்டும் வந்துறாதீங்க. மோட்டாரு எரிஞ்சு போச்சு!"

ஜோதி அழுதேவிட்டாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. குரலில் மட்டும் குடம் குடமாகக் கொட்டியது.

"என்னாத்தா சொல்றே? அப்ப செடிக்குத் தண்ணி?"

"அதான் மதினி. மெக்கானிக்கு வர பத்து நாளாகுமாம். அடிக்கிற வெயிலுக்கு ஏலச்செடி அம்புட்டு நாள் தாங்குமா? இந்த வருசக் காயி போச்சுன்னு உங்க தம்பி சோறு தண்ணி இல்லாம உக்காந்திருக்காரு. வீட்டுல குடிக்கக்கூடத் தண்ணி இல்ல."

சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருந்த ராஜாராம், எதிரே நாலாவது இட்லியைச் சட்னியில் புரட்டிக்கொண்டிருந்தார்.

போனை வைத்ததும் கேட்டார். "எங்க அக்காகிட்ட இப்படியா புளுகுவே?"

"பின்ன? கல்யாணமாகிப் பதினஞ்சு வருசம். மே மாசம் பொறந்தாப் போதும், விருதுநகர்ல இருந்து ஒரு பட்டாளமே வந்து எறங்குது. அவுகளுக்குக் குளுகுளுன்னு மலைக்காத்து. எனக்கு அடுப்படி வெக்கை. எனக்கெல்லாம் லீவே கிடையாதா?"

புளுகினாலும் இதில் பொய் இல்லை. குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டமும் அதற்குள் ஒரு வீடும் வைத்திருப்பவர்களுக்குக் கோடையில் சொந்தபந்தம் பெருகிவிடும். வெயிலில் வதங்கி வருவார்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒன்பது மணிவரை தூங்குவார்கள். எழுந்ததும், "ஜோதி, காபி" என்பார்கள்.

ஜோதிக்கும் ஓர் ஆசை இருந்தது. கடலோரத்தில் நல்ல ஹோட்டல். வெள்ளை வெளேரென்று விரிப்பு, நீச்சல்குளம், ஜன்னலைத் திறந்தால் அலை. அவள் உட்கார்ந்திருக்க வேண்டும், வேறு யாராவது சமைக்க வேண்டும். நச்சரித்து நச்சரித்து இந்த வருடம்தான் ராஜாராம் மசிந்தார். வர்க்கலையில் மூன்று நாளைக்கு அறை போட்டாயிற்று. அந்த மூன்று நாளும் மோட்டார் போட்டுச் செடிக்குத் தண்ணீர் விடத் தோட்டத்து ஆள் பேச்சிமுத்துவும் ஒப்புக்கொண்டுவிட்டார்.

புறப்படும் நாள் காலையில் பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. போடியில் வாங்கிய அகலத் தொப்பியைத் தலையில் வைத்து, இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் என்று ஜோதி கண்ணாடியில் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே ஜீப் உறுமியது.

"ஜீப்பு வந்திருச்சு, வெரசா வாங்க!" என்று துள்ளிக்கொண்டு ஓடினாள்.

ஜீப்பிலிருந்து ஜக்கம்மாள் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் அவள் வீட்டுக்காரர், பிள்ளைகள் என்று வழக்கமான பட்டாளம். போதாக்குறைக்குக் குடங்கள், பெரிய பிளாஸ்டிக் டிரம், சுருட்டிய ரப்பர் குழாய்.

ஜோதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்ணீர் இல்லை என்று சொன்னால், குடத்தோடு வந்து தங்குவார்களா? இப்படியுமா ஓசிக்கு அலைவார்கள்?

அதற்குள் ராஜாராம் வாசலில் இருந்த பெட்டியை உள்ளே இழுத்துப்போய், காலாலேயே கட்டிலுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார்.

"என்னாத்தா, தலையில தொப்பி?" என்றாள் ஜக்கம்மாள்.

"வெயிலு மதினி... செடிக்குக் குடத்துல ஊத்திக்கிட்டிருந்தேன்."

"ஒத்தையிலயா? அடி கிறுக்கி, கையி என்னத்துக்கு ஆகும்? எங்க, காட்டு."

நேற்றுப் பூசிய நகச்சாயம் பளபளத்தது. ஜோதி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இனி நீ கவலைப்படாதே. மெக்கானிக்கையும் கையோட கூட்டியாந்துட்டேன். ராமரு, மோட்டாரு மேல இருக்குப்பா, போயிப் பாரு. ஏலே பயலுகளா, அது ஓடுற வரைக்கும் ஆளுக்கொரு குடத்தை எடுங்க. ஓடையில மொண்டு ஒவ்வொரு தூருக்கா ஊத்துங்க."

மெக்கானிக் ராமர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

"நான் வழி காட்டுறேன்!" என்று ராஜாராம் அவரையும் முந்திக்கொண்டு குறுக்குவழியில் ஓடினார். பேச்சிமுத்து சுவிட்சைப் போடுவதற்குள் ஒரு வயரையாவது பிடுங்கிவிட வேண்டுமே!

பிள்ளைகள் குடங்களோடு சரிவில் இறங்கினார்கள். ஜக்கம்மாளும் சேலையை வரிந்து கட்டினாள். லீவு போனது போனதுதான் என்று ஜோதிக்குப் பட்டது. பத்து நாள் சமையல் கண்முன்னே வந்து நின்றது. எரிச்சலை அடக்கிக்கொண்டு, வாயெல்லாம் சிரிப்பாகக் கேட்டாள்.

"எதுக்கு மதினி உங்களுக்கு இந்தச் செரமம்? பிள்ளைக லீவும் வீணாப் போகுதே. வேற எங்கயாச்சும் சந்தோசமாப் போயிட்டு வந்திருக்கலாமே?"

"போறதாத்தான் இருந்தோம் ஆத்தா," என்று ஜக்கம்மாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "எத்தனை வருசந்தான் நீயே எங்களுக்குப் பொங்கிப் போடுவே? இந்தத் தடவை உன்னைய உக்கார வச்சுப் பாக்கணும்னு, கடலோரமா நல்ல ஹோட்டலாப் பாத்து, உனக்கும் தம்பிக்கும் சேத்துத்தான் ரூம் போட்டோம். அதைச் சொல்லத்தான் அன்னைக்குப் போன் பண்ணேன். நீ அழுத அழுகையில, அம்புட்டு ரூமையும் வேணாம்னு சொல்லிட்டு, கெடைச்ச குடத்தைத் தூக்கிக்கிட்டு ஓடியாந்துட்டோம்."