தமிழ் தெரியாத ஒரு நாள்

‘14.7.1968, ஞாயிறு. இன்று ஒரு தவறு செய்தேன். ஒரே ஒரு சொல் தமிழில் பேசிவிட்டேன்’ என்று முனிரத்தினம் டைரியில் எழுதினான்.

தாம்பரம் இங்கிலீஷ் மாலை வகுப்பில் சார் சொல்லியிருந்தார்: “வாழ்க்கையில முன்னேறணுமா? ஒரு நாள் முழுக்க இங்கிலீஷ்லயே பேசுங்க. யார் தமிழ்ல கேட்டாலும் புரியாத மாதிரி இருங்க.”

அந்த ஞாயிறு காலையில் அவன் அம்மா கிளியம்மாள் வந்தாள். “நெஞ்ச அடைக்கிற மாதிரி கீதுடா. டாக்டராண்ட இட்டுகினு போறியா?”

“ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட், மதர்.”

“அடேங்கப்பா, என் வூட்ல ஒரு தொரை!” சிரித்தபடியே உள்ளே போய்ப் படுத்தாள்.

மதியம் பாடத்தை முடித்துவிட்டுப் போய்த் தொட்டான். உடம்பு சில்லிட்டிருந்தது.

“அம்மா!”

இரவு, அவள் தலைமாட்டில் விளக்கை ஏற்றிவிட்டு டைரியை எடுத்தான்.

டைரியில் இன்னொரு வரி எழுதினான்: ‘நாளை: காலையில் கொள்ளி வைக்க வேண்டும்.’