கட்டுச்சோறா, மெஸ்ஸா?

"ஏனுங்க, ஆண்டி மெஸ்ஸுக்கு முன்னாடியே சொல்லி உட்டரலாமுங்களா?"

வசந்தாமணி கேட்டது புருஷன் சின்னுசாமியிடம். பதில் சொன்னதோ அவனுடைய அக்கா அங்கம்மாள். வசந்தாமணிக்கு நங்கை முறை. ஆடி நோம்பிக்கு அம்மா வீடு வந்திருந்தாள்.

"எதுக்கு மெஸ்ஸு? கட்டுச்சோறு கட்டுனா ஆகாதா?"

சேலத்தில் கோட்டை மாரியம்மன் பண்டிகையை ஒட்டிப் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். ராட்டினம், மரணக் கிணறு, டெல்லி அப்பளம் என்று ஊரே பேசியது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போவதாக ஏற்பாடு. ஆனால் அன்றைக்கு மத்தியானம் எந்த ஓட்டலிலும் உட்கார இடம் கிடைக்காது. சேலம் பஸ் கண்டக்டர் தங்கமுத்துவிடம் இத்தனை எலை என்று சொல்லிவிட்டால், அவர் போய்க் கோயில் பக்கத்து ஆண்டி மெஸ்ஸில் சொல்லி இடம் போட்டு வைத்துவிடுவார். இவர்கள் இருக்கும் பரமத்திப் பக்கம் எல்லோருக்கும் அதுதான் பழக்கம்.

வசந்தாமணிக்கு ராட்டினத்தின் மேல் ஒரு ஆசையும் இல்லை. யாரோ ஆக்கி, யாரோ பரிமாறி, சுடச்சுட ஒரு வேளைச் சோறு தின்ன வேண்டும். அவ்வளவுதான். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவளுக்கு வாய்த்ததெல்லாம் ஆறிப்போன பானை அடிச் சோறு.

"கூட்டமா இருக்குமுங்க நங்கை. கொழந்தைகள வெச்சுட்டு எங்க போயி நிக்கறது?"

"அதுக்குத்தான் கட்டுச்சோறுங்கறேன். மரத்தடியில உக்காந்தா ஆச்சு. ஓட்டல்ல சோடா உப்பப் போட்டு ஆக்கறான். என்ற தம்பிக்கு வவுறு ஆகாது."

அந்த ஆகாத வயிற்றுக்காரர் சந்தைக்குப் போனால் புரோட்டாவை ஒரு கை பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். புதுசாகத் தைத்து வந்த வெள்ளை பெல்பாட்டத்தை இடுப்பில் வைத்து அளந்தபடியே தீர்ப்புச் சொன்னார்.

"அக்கா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

வசந்தாமணி லேசில் விடுகிறவள் இல்லை. சாயங்காலம் சேலம் பஸ் வரும் நேரத்துக்குக் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தங்கமுத்து காதில் போட்டுவிட்டால், அப்புறம் யார் என்ன சொல்லிவிட முடியும்?

போனால், பஸ் படிக்கட்டுப் பக்கத்தில் நங்கை! தங்கமுத்துவோடு சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"தண்ணிக்கு வந்தியா? வெரசாப் போயிப் புளிய ஊற வை புள்ள."

வசந்தாமணிக்கு அழுகையே வந்துவிட்டது. தான் நோம்பிக்குப் பிறந்த வீட்டுக்குப் போகாமல் இவளுக்கு ஆக்கிக் கொட்டுவது போதாதென்று, ஒரு வேளைச் சோற்றிலும் மண்ணைப் போடுகிறாளே!

ஞாயிற்றுக்கிழமை, கோழி கூப்பிடும் முன்பே எழுந்து அடுப்பு மூட்டினாள். புளிச்சோறு, தயிர்ச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் தூக்குப்போசியில் ஏறின. நங்கை வந்து உப்பு மட்டும் பார்த்தாள்.

பொருட்காட்சியில் கூட்டம் நெரிந்தது. ராட்டினம் சுற்றி, மரணக் கிணறு பார்த்து, மத்தியானம் வேப்பமரத்தடியில் ஜமுக்காளம் விரித்தார்கள். வசந்தாமணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கரண்டியை எடுத்தாள்.

"அதக் கீழ வை," என்றாள் நங்கை. "சின்னு, இங்க வா. புள்ளைகளுக்குப் போட்டுக் குடுத்துட்டு நீயும் தின்னு. நாங்க ரெண்டு பேரும் கோயிலுக்குப் போயிட்டு வாரோம்."

"நானா? எனக்கெங்கக்கா பரிமாறத் தெரியும்?"

"மம்மட்டி புடிக்கற கைதானே? கரண்டி அத்தன கனமில்ல."

சின்னுசாமி கரண்டியைப் பிடித்தான். பெல்பாட்டத்தில் முதல் உருண்டை புளிச்சோறு விழுந்தது.

வசந்தாமணிக்கு அதைப் பார்த்துச் சிரிக்கக்கூடத் தோன்றவில்லை. பசி காதை அடைத்தது.

"சாப்புட்டுட்டுக் கோயிலுக்குப் போனா ஆகாதுங்களா நங்கை?"

நங்கை அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். கோயில் வாசல் வந்தது. அப்படியே போய்விட்டது.

"கோயிலு அங்க இருக்குதுங்க!"

"அம்மன் பொழுது சாயற வரைக்கும் அங்கயேதான் இருப்பா. நீ வா."

சந்து திரும்பியதும் ஆண்டி மெஸ். வாசலில் திருவிழாக் கூட்டம். நங்கை எல்லோரையும் விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"வாங்கம்மா," என்றார் மெஸ்காரர் ஆண்டி. "தங்கமுத்து சொன்னாருங்க. ரெண்டு எலை போட்டு வெச்சிருக்கறேன்."

வசந்தாமணியின் இலையில் ஆவி பறக்கும் சோறு விழுந்தது. பருப்பு விழுந்தது. அதன் மேல் நெய். அவளுக்குக் கண் கலங்கியது. இத்தனை நாள் நங்கையை மனசுக்குள் திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது. ஆனாலும் பழகிய கை சும்மா இருக்குமா? நங்கையின் இலையில் பொரியல் இல்லையே என்று எழுந்து, பக்கத்திலிருந்த பொரியல் வாளியை எடுக்கப் போனாள்.

நங்கை அவள் சேலைத் தலைப்பைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"ஏனுங்க நங்கை," வசந்தாமணிக்குத் தாங்கவில்லை. "சொல்லி உட்டதுதான் உட்டீங்க, எல்லாத்துக்கும் சேத்துச் சொல்லியிருக்கலாமுங்களே?"

நங்கை பருப்பையும் நெய்யையும் சேர்த்துப் பிசைந்தாள்.

"எல்லாத்துக்கும் சொல்லியிருந்தா, இங்கயும் நீதான் புள்ள பரிமாறிட்டு நின்னிருப்ப. என்ற ஊட்டுல நானும் அப்பிடித்தான் நிக்கறேன். தின்னு கண்ணு, ஆறிப் போவுது."