பூச்சாண்டி நல்லவன்

"வாயைத் திறக்கப் போறியா, இல்ல பூச்சாண்டியைக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிடு" என்றது வாண்டு, சப்பை மூக்கைச் சுளித்துக்கொண்டு.

அம்மாவின் கைக் கரண்டி அப்படியே நின்றது. பிள்ளைக்கு வயசு நாலு, பிடிவாதத்துக்கு வயசு நாற்பது. அதற்கு இருந்த ஒரே கடிவாளம் பூச்சாண்டிதான். கட்டிலுக்கு அடியில், அலமாரி மேல்தட்டில், மாடிப்படி இருட்டில் என்று வேளைக்கு ஒரு இடத்தில் அவனைக் குடிவைத்துத்தான் அவள் தனி ஆளாகச் சமாளித்து வந்தாள்.

"பயமா இல்லையா உனக்கு?"

"ஊஹூம். பூச்சாண்டி நல்லவன். நான்தான் தினமும் பாக்குறேனே! கண்ணாடி போட்டிருப்பான். நீலச் சட்டை. என்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே இருப்பான்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். பிள்ளைகள் கதை விடும்தான். அதுக்காகச் சட்டைக் கலர் வரைக்குமா விடும்?

"எங்கடி பாத்தே?"

"நம்ம ரூம்லதான். பெரிம்மா தூங்கும்போது."

"என்ன பேசுவான்?"

"அவன் பேச மாட்டான். நான்தான் பேசுவேன்."

"அவன் எப்படி உள்ள வந்தான்?"

வாண்டு உதட்டை மடித்துக்கொண்டது. "சொல்ல மாட்டேன். சொன்னா அடிப்பே."

கெஞ்சினாள், கொஞ்சினாள். டிவி கிடையாது என்றாள், பொம்மையைத் தூக்கிப் போட்டுவிடுவேன் என்றாள். கடைசியில் மூலையில் நிற்க வைத்தாள். அது ஜம்மென்று நின்றது. வாயை மட்டும் திறக்கவில்லை.

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள் கீழ் வீட்டு அக்கா. அம்மா தையல் கம்பெனியில் இருக்கும் நேரமெல்லாம் வாண்டுவைப் பார்த்துக்கொள்ளும் 'பெரிம்மா' அவள்தான்.

"அக்கா, நான் வேலைக்குப் போனப்புறம் இங்க யாரு வர்றா?"

"யாரு வருவா? கேஸ்காரரே வாசலோட சரி."

"நீலச் சட்டைக்காரன் ஒருத்தன் பெட்ரூம் வரைக்கும் வந்து போறானாம். உங்களுக்குத் தெரியாமலா?"

அக்கா துணியைக் கீழே போட்டாள். "என்னம்மா பேசுறே? கொஞ்சம் கண்ணசந்திருப்பேன், இல்லேங்கல. அதுக்காகக் கண்டவனுக்குக் கதவைத் திறந்து விடுவேனா? இந்த வாசல்ல ஒரு ஆம்பளைச் செருப்பு கிடந்து எத்தனை வருஷமாச்சுன்னு தெருவுக்கே தெரியும்!"

"நெருப்பில்லாமப் புகையுமா? பச்சைப் பிள்ளை அக்கா, பொய் சொல்லுமா? நீங்க நாளைலேர்ந்து வர வேண்டாம்."

சொல்லிவிட்டாள். நாளைக்குப் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போவாள்? அதற்காக, தெரிந்தே எவனோ வந்து போகிற வீட்டில் விட்டுவிட்டுப் போக முடியுமா?

"பிறந்ததுலேர்ந்து தூக்கி வளர்த்தேனே, எனக்கு இதுவும் வேணும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள் அக்கா.

மூலையிலிருந்து பாய்ந்து வந்த வாண்டு அவள் காலைக் கட்டிக்கொண்டது.

"பெரிம்மா போகக்கூடாது! நான் காட்டுறேன். ஆனா அடிக்கக்கூடாது, சரியா?"

"அடிக்கலடி. காட்டு."

வாண்டு பெட்ரூமுக்கு ஓடியது. நாற்காலியைத் தரதரவென்று இழுத்து அலமாரி முன்னால் போட்டது. அதன் கைமேல் ஏறி நின்று எம்பியது.

"ஏய், விழுந்து தொலைக்கப் போறே!"

"இதுக்குத்தான் சொல்லல" என்றபடியே மேல்தட்டில் கையை விட்டு, பழைய போர்வைக்கு அடியிலிருந்து ஒரு போட்டோவை உருவி நீட்டியது.

நீலச் சட்டை, கண்ணாடி, வாண்டுவின் அதே சப்பை மூக்கு.

அக்கா போட்டோவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள்.

"அன்னிக்கு இது யாருன்னு கேட்டப்போ, 'பூச்சாண்டி, தொடாதே'ன்னு நீதானேம்மா பிடுங்கி வச்சே?" என்றது வாண்டு. "அவன் தோள்ல சாஞ்சுக்கிட்டு நீயே இப்படிச் சிரிக்கிறே, அப்புறம் நான் எதுக்குப் பயப்படணும்?"