தட்டாத சுவர்

கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில் அந்த வரிசை வீடுகளில் அவசரமென்றால் பக்கத்துச் சுவரைத் தட்டுவார்கள். கேட்டவர் பதிலுக்குத் தட்டிவிட்டு, அடுத்த சுவரைத் தட்டுவார். எண்பத்துமூன்றில் தமிழர் வீடுகளை எரித்த கலவரத்தன்று, பக்கத்து வீட்டு அனீஸா மகேந்திரராசாவின் சுவரைத் தட்டினாள். அவர் அடுத்த சுவரைத் தட்டாமலே ஓடிவிட்டார். அந்தச் சுவருக்கு அப்பால், கடைசி வீட்டுத் தவமணி வீட்டோடு எரிந்துபோனாள்.

பல வருடம் கழித்து அவர் கண்ணில் வெண்புரை விழுந்தது.

“கண்வில்லையில ரத்தக்குழாய் இல்லை ஐயா,” என்றார் டொக்டர். “ஒரு உயிர்க்கலம் பக்கத்துக் கலத்துக்குப் புரதத்தாலான சின்ன வாசலாலதான் சத்தெல்லாத்தையும் கடத்தும்.”

“ஒண்டு கடத்தாட்டி?”

“அடுத்தது மங்கிப்போகும்.”

அதே பழைய வீட்டுக்கு வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் தவமணி பக்கத்துச் சுவரைத் தட்டினார். அந்தப் பக்கம் இப்போது வெறும் புல்தரை.

பதில் தட்டு வந்தது. பிறகு, அந்தப் பக்கம் கதவைத் திறந்துகொண்டு யாரோ ஓடித் தப்பும் சத்தம் கேட்டது.