காலைச் செய்தி

புயல் ஓய்ந்து இரண்டு நாளாகியும் பிலிப்பைன்ஸின் செபு நகரில் மின்சாரம் வரவில்லை. தேவாலயத்து ஜெனரேட்டரில் ஜோவிலின் போனைச் சொருகியதுமே முதலாளி டஸ்டினின் மிரட்டல்தான் முதலில் வந்து விழுந்தது. "இன்னிக்கும் வேலை முடியலைன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

அமெரிக்காவில் அவர் நாய்க் கழுத்துப்பட்டை விற்கும் இணையக் கடையை இங்கிருந்து நடத்துவது இவள்தான். அவருக்கு வரும் எல்லா மெசேஜுக்கும் அவர் பெயரிலேயே பதில் எழுதுவதும் இவள்தான்.

கடை எண்ணுக்கு அழைப்பு வந்தது.

"நான் டஸ்டினோட அம்மா, லொரெய்ன்." வயதான குரல் நடுங்கியது. "தினம் காலையில வர்ற மெசேஜ் ரெண்டு நாளா வரலை. என்ன ஆச்சோன்னு உயிரே போகுதும்மா."

ஜோவிலின் அவசரமாகச் சமாளித்தாள். "சார் நல்லாத்தான் இருக்கார் மேடம். வேலை ஜாஸ்தி. இப்பவே அனுப்பச் சொல்றேன்."

"அவன் எங்க அனுப்பினான்? நாப்பது வருஷத்துல 'சாப்பிட்டியாம்மா'ன்னு ஒரு தடவை கேட்டதில்ல. திடீர்னு தினம் கேட்டா சந்தேகம் வராதா? எதிர்வீட்டு நர்ஸ் பொண்ணு பிலிப்பைன்ஸ்காரி. பார்க்கறப்பல்லாம் அவதான் இதையே கேப்பா. அவன் பேர்ல எழுதறது உங்க ஊர்ப் பொண்ணுன்னு அப்பவே புரிஞ்சுது."

ஜோவிலின் உடைந்துபோனாள். "மேடம், கெஞ்சிக் கேக்கறேன், சார்கிட்ட சொல்லிடாதீங்க. இந்த வேலையும் போச்சுன்னா எங்க வீட்டுல அடுப்பு எரியாது."

"சொல்லுவேனா? சொன்னா அதையும் நிறுத்திடுவானே!" மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "உங்க ஊர்ல புயல்னு டிவியில காட்டினாங்க. பேர்கூடத் தெரியாத உன்னை எங்கேன்னு தேடுவேன்? அதான் கடைக்கே போன் போட்டேன். அது கிடக்கட்டும், நீ சாப்பிட்டியா?"