யதுஷா எழுதிய அப்பா

தரம் ஐந்து மாணவி யதுஷாவின் 'என் அப்பா' கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்த சீலா ரீச்சரின் பேனை கடைசி வரியில் நின்றது.

'அன்னாரின் பிரிவால் துயருறும் பாசமிகு மகள் யதுஷா.'

"யதுஷா ஏன் இண்டைக்கு வரேல்லை?"

வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு எடுத்த போன் அடித்து ஓய்ந்தது.

"தேப்பன் தவறிட்டார் போலை கிடக்கு, சேர். நாங்கள் ஒருத்தரும் போய் விசாரிக்கவும் இல்லை." ரீச்சர் அதிபரிடம் சொன்னார். கட்டுரைக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கரவெட்டியிலுள்ள யதுஷா வீட்டுக்கு விரைந்தார்.

வாசல் படலையைத் திறந்தவரிடம், "நீங்கள் யதுஷாவுக்கு என்ன முறை?" என்று தயங்கிக் கேட்டார்.

"நான்தான் தேப்பன். பிள்ளைக்குக் காய்ச்சல், ரீச்சர். அதுதான் அனுப்பேல்லை."

ரீச்சர் படலையை இறுகப் பிடித்துக்கொண்டார். கொப்பியை நீட்டினார்.

வாசித்த தகப்பனின் முகம் வெளிறியது.

"என்ன பிள்ளை எழுதி வச்சிருக்கிறாய்?"

போர்வையோடு வெளியே வந்த யதுஷா ரீச்சரைப் பார்த்தாள்.

"நீங்கள்தானே ரீச்சர், பேப்பர் வாசிச்சுப் புதுச் சொல்லுகள் போட்டு எழுதச் சொன்னியள்? அதிலை படம் போட்டிருக்கிற நல்ல அப்பாமார் எல்லாரையும் பற்றி இப்பிடித்தான் எழுதியிருக்கு."