ஐந்தாவது லேத்

பீன்யா தொழிற்பேட்டையில் இருக்கும் கோதண்டராமனின் பட்டறைக்கு ஏற்ற சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுத்துச் சொல்ல வந்திருந்தாள் வைஷ்ணவி. கைக்கு வந்திருக்கும் பெரிய ஆர்டரைக் குறித்த நாளில் முடிக்க முடியுமா என்று அது சொல்ல வேண்டும். முடியாதென்றால் பட்டறையையே மூடிவிடுவதாக இருந்தார் அவர்.

மூன்று கம்பெனிகள் ஃப்ளாப்பியோடு வந்தன. பட்டறையின் நான்கு லேத்துகளின் விவரத்தையும் மூன்றிலும் அவளே ஏற்றினாள். முதல் இரண்டும் முடியாது என்றன. மூன்றாவது முடியும் என்றது. ஆனால் வேலையை ஐந்து லேத்துகளுக்குப் பங்கிட்டிருந்தது. நாம் கொடுப்பதைத்தான் கம்ப்யூட்டர் திருப்பித் தரும் என்று எல்லாரிடமும் சொல்கிறவள் அவள். அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாள். மறுபடியும் ஐந்து.

"இது தப்பு சார், வேணாம்," என்றாள்.

"அஞ்சாவது ஒண்ணு இருந்துச்சும்மா," என்றார் கோதண்டராமன். "அத ஓட்டின முனிரத்னம் தவறினப்புறம் வித்துட்டேன்."

"அந்த எடத்துக்கு இன்னும் வெள்ளிக்கெழம பொட்டு வெக்கிறேன் மேடம்," என்றார் ஃபோர்மேன் கோவிந்தப்பா.

மூவரும் போய்ப் பார்த்தார்கள். வெறும் தரை, அதில் குங்குமப் பொட்டு. பொட்டைச் சுற்றி, லேத் சீவித் தள்ளும் இரும்புச் சுருள்கள் குவிந்து கிடந்தன. ஒன்றை எடுத்த கோதண்டராமன் சூடு தாங்காமல் கீழே போட்டார். பிறகு சிரித்தார்.

"மூணாவதையே வாங்கிடலாம் சார்," என்றாள் வைஷ்ணவி.

கோவிந்தப்பா மறுநாளைக்கான இரும்பு ராடுகளை ஐந்து இடங்களில் அடுக்கினார். முனிரத்னம் இடதுகைக்காரர் என்பதால், ஐந்தாவது அடுக்கை மட்டும் இடப்பக்கமாக வைத்தார்.